செட்டிநாட்டு வீட்டுக் கண்ணாடிகளை உடைக்காதீர்கள்

“பழைய பெல்ஜியம் கண்ணாடிகளில் உள்ள பாதரசம் ஆவியாகி வீட்டுத் தூசியெல்லாம் விஷமாகிறது, உடனே கழற்றி எறியுங்கள்” என்று காரைக்குடிப் பக்கம் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

‘ரசம் போன கண்ணாடி’ என்ற நம் பேச்சுதான் குழப்பத்தின் வேர். ஒரு காலத்தில் கண்ணாடியின் முதுகில் வெள்ளீயமும் பாதரசமும் கலந்து பூசியது உண்மைதான். 1835-இல் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் வெள்ளி படியவைக்கும் முறையைக் கண்டறிந்தார். 1900 வாக்கில் பாதரசப் பூச்சு ஏறக்குறைய வழக்கொழிந்தது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. இங்குள்ள பெரிய வீடுகள் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1940-கள் வரை எழுந்தவை. ஆகவே முகப்புக் கண்ணாடியின் ஓரத்தில் கறுப்பும் பழுப்புமாகப் படர்ந்திருப்பது பெரும்பாலும் ஈரத்தில் கறுத்த வெள்ளிதான். மிகப் பழைய கண்ணாடியின் சட்டத்தில், அடிப்பக்கம் பளபளவென்று துளிகள் உருண்டு நின்றால் மட்டும் அதைத் தொடாமல், தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

சரி, காற்றுக்குப் பாதரசம் எங்கிருந்து வருகிறது? உலக அளவில் சிறு தங்கச் சுரங்கங்களும் நிலக்கரி எரிப்பும்தான் முதல் இரண்டு மூலங்கள். பாதரசத்துக்கு ஏழு நிலையான ஐசோடோப்புகள் (ஒரே தனிமத்தின், எடை மட்டும் வேறுபடும் அணுவகைகள்) உண்டு. தூசியில் அவற்றின் விகிதத்தை அளந்து, எந்த மூலம் என்று ஆய்வாளர்கள் தடம் பிடிக்கிறார்கள்.

வீட்டுக்குள் கவலைப்பட வேண்டியது உடைந்த பழைய தெர்மாமீட்டரும் டியூப் லைட்டும்தான். உடைந்தால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், துளிகள் சிதறும். ஜன்னலைத் திறந்துவிட்டு, கெட்டி அட்டையால் ஒதுக்கி, மூடியுள்ள பாட்டிலில் அடையுங்கள். குழந்தைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள்.