மறந்துபோன விளையாட்டுகளைச் சிரிப்பதற்காக மட்டும் தோண்டாதீர்கள்

பழைய வீடியோ கேம்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே "சிறுவயது நினைவுகளா?" என்று கேட்டுவிடுகிறார்கள். இல்லை. நான் தேடிப்போகும் விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றை நான் சிறுவயதில் பார்த்ததே கிடையாது. பல, ஜப்பானை விட்டு வெளியே வராதவை. சில, கடைக்கே வராதவை. வாழாத வாழ்க்கையை நினைத்து யாரும் ஏங்க முடியாது. என்னை இழுப்பது வேறு ஒன்று. வீடியோ கேம் என்றால் இன்னதுதான் என்று யாரும் தீர்ப்பு எழுதி வைக்காத காலம் ஒன்று இருந்தது. அப்போது ஆளாளுக்கு ஒரு யோசனையை வைத்துக்கொண்டு, அதை விற்கவும் துணிந்தார்கள். அந்த யோசனைகளில் பல, முயன்று பார்த்துத் தோற்றவைகூட அல்ல. இரண்டாம் முறை யாரும் முயலாமல் அப்படியே விடப்பட்டவை.

இந்தப் பதிவுக்குத் தூண்டுதல் ஒரு எரிச்சல்தான். "உலகின் விசித்திரமான பத்து விளையாட்டுகள்" என்ற தலைப்பில் வருகிற காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம், ஒரு கிண்டல், அடுத்தது. அவற்றில் தவறாமல் இடம்பிடிப்பது, 1986-இல் டைட்டோ நிறுவனம் ஃபேமிகாம் என்ற கன்சோலுக்கு (தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் கருவிக்கு) வெளியிட்ட 'தகேஷி நோ சோசென்ஜோ'. நகைச்சுவைக் கலைஞர் தகேஷி கிட்டானோவின் யோசனைகளில் உருவானது. கதாநாயகன் சாதாரண அலுவலக ஊழியன். புதையலைத் தேடிப் போவதற்கு முன் வேலையை விட வேண்டும், மனைவியிடம் விவாகரத்து வாங்க வேண்டும், இரண்டாவது கன்ட்ரோலரில் இருக்கும் மைக்கில் பாட வேண்டும். ஓரிடத்தில், வெற்றுத் தாளாக இருக்கும் வரைபடம் தெரிய வேண்டுமானால், ஒரு மணி நேரம் எந்தப் பொத்தானையும் தொடாமல் காத்திருக்கலாம். காணொளிக்காரர்கள் அந்த ஒரு மணி நேரத்தைச் சொல்லிச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பொத்தானை அழுத்துவதுதான் விளையாட்டு என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தபோது ஒருவர் அந்த நம்பிக்கையையே சீண்டிப் பார்த்திருக்கிறார் என்பதை யாரும் கவனிப்பதில்லை. அதை நல்ல விளையாட்டு என்று சொல்ல மாட்டேன். முரட்டுத்தனமானது, பல இடங்களில் அநியாயமானது. ஆனால் அதைச் செய்தவருக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்திருந்தது. கேலி செய்கிற வேலையை விளையாட்டே செய்துகொண்டிருக்கிறது. அதைப் பார்த்து நாம் கேலி செய்வதுதான் வேடிக்கை.

'டெசர்ட் பஸ்' கதையும் அப்படித்தான். பென், டெல்லர் என்ற அமெரிக்க மாயவித்தை இணைக்காக சேகா சிடி கருவிக்கு உருவான தொகுப்பில் அது ஒரு பகுதி. டூசான் நகரிலிருந்து லாஸ் வேகாஸுக்கு ஒரு காலிப் பேருந்தை ஓட்டிச் செல்ல வேண்டும். வேகம் மணிக்கு 45 மைலைத் தாண்டாது. பயணம் நிஜமாகவே எட்டு மணி நேரம். நடுவில் நிறுத்திவைக்க வழியில்லை. பேருந்து மெல்ல மெல்ல வலப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதால் கன்ட்ரோலரைக் கட்டிவைத்துவிட்டு எழுந்து போகவும் முடியாது. போய்ச் சேர்ந்தால் ஒரு புள்ளி. ஒன்றே ஒன்று. வன்முறை வேண்டாம், நிஜ வாழ்க்கை போல இருக்கட்டும் என்று விளையாட்டுகளுக்குப் புத்தி சொன்னவர்களுக்குக் கொடுத்த நக்கல் பதில் அது. 1995 வாக்கில் வேலை ஏறக்குறைய முடிந்திருந்தது. வெளியிட வேண்டிய நிறுவனம் மூடப்பட்டதால் கடைக்கு வரவில்லை. விமர்சனத்துக்காக அனுப்பப்பட்ட பிரதிகளிலிருந்துதான் பத்து ஆண்டுகள் கழித்து அது உலகத்துக்குத் தெரிய வந்தது. 2007 முதல் ஒரு குழு ஆண்டுதோறும் இதே பேருந்தை நாள்கணக்கில் ஓட்டி, மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளுக்காக நிதி திரட்டுகிறது. நன்கொடை கூடக்கூட ஓட்ட வேண்டிய நேரமும் கூடும்.

"நல்லதாக இருந்தால் உலகம் மறந்திருக்குமா?" என்று ஒரு வாதம் உண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு விளையாட்டு மறக்கப்படுவதற்கான காரணங்களைத் தேடினால் தரம் அந்தப் பட்டியலில் எங்கோ கீழே கிடக்கிறது. நிறுவனம் திவாலாகியிருக்கும். கன்சோல் செத்துக்கொண்டிருந்த ஆண்டில் வெளியாகியிருக்கும். 1998-இல் சேகா சாட்டர்னுக்கு வந்த 'பான்சர் டிராகன் சாகா'வுக்கு நேர்ந்தது அதுதான். மொழி தடுத்திருக்கும். உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே உரிமையாளர்களுக்குத் தெரியாமல் போயிருக்கும்.

மொழி தடுத்ததற்கு என்னிடம் இருக்கும் சிறந்த சாட்சி 'மூன்'. லவ்-டி-லிக் என்ற சிறிய ஜப்பானிய நிறுவனம் 1997-இல் பிளேஸ்டேஷனுக்காகச் செய்தது. தொடக்கத்தில் ஒரு சிறுவன் வழக்கமான சாகச விளையாட்டு ஒன்றை ஆடிக்கொண்டிருக்கிறான். கவசம் அணிந்த வீரன் ஊர் ஊராகப் போகிறான், கண்ணில் படும் மிருகங்களையெல்லாம் வெட்டுகிறான், அனுபவப் புள்ளிகள் சேர்கின்றன. திடீரென்று சிறுவன் தொலைக்காட்சிக்குள் இழுக்கப்பட்டு அதே உலகத்தில் போய் விழுகிறான். அங்கிருந்து பார்த்தால் வீரன் அடுத்தவர் வீட்டுக்குள் புகுந்து அலமாரிகளைத் திறக்கும் முரடன். அவன் கொன்றவை யாருக்கும் தீங்கு செய்யாத ஜீவன்கள். அவற்றின் ஆன்மாக்களைத் தேடிப் பிடித்து விடுவிப்பதும், ஊர்க்காரர்கள் எந்த நேரத்தில் எங்கே இருப்பார்கள், எதற்காக வருந்துகிறார்கள் என்று கவனித்து உதவுவதும்தான் நம் வேலை. கொன்றால் வலிமை கூடும் என்ற கணக்கு இங்கே கிடையாது. அன்பு செய்தால் கூடுதல் நேரம் விழித்திருக்க முடியும். விளையாட்டுகளில் கொலை செய்வதைப் பற்றி அண்மைக் காலத்தில்தான் விளையாட்டுகள் யோசிக்கத் தொடங்கின என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். இது ஆங்கிலத்துக்கு வந்தது 2020-இல், 23 ஆண்டுகள் கழித்து. அந்த 23 ஆண்டுகளும் அதன் தரம் ஒரு துளிகூட மாறவில்லை.

எல்லாமே முத்து என்று அடித்துச் சொல்ல வரவில்லை. 1999-இல் டிரீம்காஸ்ட் கன்சோலுக்கு வந்த 'சீமேன்', மனித முகம் கொண்ட மீனுடன் மைக்கில் பேசும் விளையாட்டு. ஆங்கிலப் பதிப்பில் கதைசொல்லியாகக் குரல் கொடுத்தவர் 'ஸ்டார் டிரெக்' நடிகர் லியனார்ட் நிமோய். கேட்பதற்கு அற்புதம். விளையாடும்போது தொட்டியின் வெப்பநிலையைச் சரிசெய்துகொண்டு, அந்த மீனிடம் வசை வாங்கிக்கொண்டிருப்பதுதான் மிச்சம். பொறுமை இருப்பவர்கள் முயலட்டும். எனக்கு இல்லை.

'எல்எஸ்டி: டிரீம் எமுலேட்டர்' வேறு ரகம். 1998, பிளேஸ்டேஷன், ஜப்பானில் மட்டும். ஹிரோகோ நிஷிகாவா என்பவர் பத்தாண்டுகளாக எழுதிவைத்திருந்த கனவுக் குறிப்புகளை எடுத்துக்கொண்டு ஒசாமு சாட்டோ என்ற கலைஞர் உருவாக்கியது. குறிக்கோள் இல்லை, எதிரிகள் இல்லை, வெற்றியும் இல்லை. நடக்க வேண்டும், சுவரையோ ஏதாவது ஓர் உயிரையோ தொட்டால் வேறொரு கனவுக்குள் போய் விழுவோம். சில நிமிடங்களில் விழிப்பு வந்துவிடும். முதல் அரை மணி நேரத்தில் எனக்குத் தோன்றியது சலிப்பு மட்டுமே. காணொளிகள் காட்டும் பயங்கர உருவங்கள் எதுவும் உடனே வரவும் இல்லை. கனவு நாள்கள் கூடக்கூட, பழகிய தெருவின் சுவர்கள் வேறு வண்ணங்களில், வேறு எழுத்துகளில் தோன்றத் தொடங்கின. அது அச்சமா சிரிப்பா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு நிமிடத் தொகுப்பில் இந்த உணர்வு வராது. அது வருவதற்குச் சலிப்பும் தேவைப்படுகிறது.

பழைய விளையாட்டைக் காப்பாற்றுவது என்றால் அதன் கோப்பைக் காப்பாற்றுவது என்று பலர் நினைக்கிறார்கள். அவசியம்தான், போதாது. 2003-இல் கேம் பாய் அட்வான்ஸுக்கு வந்த 'போக்டாய்' விளையாட்டின் கார்ட்ரிட்ஜில் (கருவியில் செருகும் பெட்டியில்) ஒளியை உணரும் கருவி பொருத்தப்பட்டிருந்தது. ரத்தக்காட்டேரிகளை அழிக்கும் துப்பாக்கிக்குச் சூரிய ஒளி வேண்டும். நிஜ வெயில். விளையாட வேண்டுமானால் வீட்டை விட்டு வெளியே போயாக வேண்டும். இன்று எமுலேட்டரில், அதாவது பழைய கருவியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளில், அந்த வெயில், சுட்டியால் நகர்த்தும் ஓர் அளவுகோல். 1984-இல் ஸ்பெக்ட்ரம் கணினிக்கு வந்த 'டியூஸ் எக்ஸ் மெஷினா'வுடன் இன்னொரு ஒலிநாடாவும் வரும். விளையாட்டு தொடங்கும் கணத்தில் அதையும் டேப் ரெக்கார்டரில் ஓடவிட வேண்டும், இசையும் வசனமும் அதில்தான் இருக்கின்றன. இதைவிட என்னை யோசிக்க வைத்தது 1985-இல் ஆக்டிவிஷன் வெளியிட்ட 'லிட்டில் கம்ப்யூட்டர் பீப்பிள்'. உங்கள் கணினிக்குள் ஏற்கெனவே ஒரு மனிதர் வசிக்கிறார், இந்த மென்பொருள் அவருக்கு ஒரு வீடு மட்டும் தருகிறது என்பது அதன் பாவனை. அவர் பியானோ வாசிப்பார், உங்களுக்குக் கடிதம் எழுதுவார், சீட்டாட அழைப்பார். ஒவ்வொரு வட்டிலும் தனி எண் இருந்ததால் வாங்கிய ஒவ்வொருவருக்கும் தனித் தனி ஆள் கிடைத்தார். இப்போது ஒரே வட்டின் நகலைப் பலரும் இறக்கிக்கொள்கிறோம். எல்லோர் வீட்டிலும் ஒரே மனிதர் குடியிருக்கிறார். விளையாட்டு பிழைத்திருக்கிறது. அது தந்த வாக்குறுதி பிழைக்கவில்லை.

கோப்பும் இல்லாமல் போனவை தனி. 1964-இல் நியூயார்க் மாநிலத்தில் மேபல் அடிஸ் என்ற பள்ளி ஆசிரியை 'தி சுமேரியன் கேம்' எழுதினார். மாணவர்கள் லகாஷ் நகரத்தின் அரசராக இருந்து தானியத்தைப் பங்கிட வேண்டும். பெயர் தெரிந்தவர்களில் உலகின் முதல் வீடியோ கேம் எழுத்தாளர் அவர்தான் என்கிறார்கள். நிரல் தொலைந்துவிட்டது, தப்பியவை சில அச்சுத் தாள்கள். இதற்கு நேரெதிராக, 1981-இல் போர்ட்லாந்தில் வந்து ஆடியவர்களைப் பைத்தியமாக்கியதாகச் சொல்லப்படும் 'பாலிபியஸ்' என்ற விளையாட்டு இயந்திரம் இருந்ததற்கு எந்தச் சான்றும் கிடையாது. நான் பேசிப் பார்த்தவர்களில் இல்லாத பாலிபியஸைக் கேள்விப்பட்டவர்கள் ஏராளம். மேபல் அடிஸைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

இனி கொஞ்சம் கோபம். 2023-இல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று முறையாக விலைக்குக் கிடைப்பதில்லை. அதே ஆண்டு மார்ச் 27-இல் நின்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ கருவிகளின் இணையக் கடைகளை மூடியது. சரி, நூலகங்கள் வைத்திருக்கலாமே? வைத்திருக்கலாம், நேரில் வந்தால் காட்டலாம். கடையில் கிடைக்காத விளையாட்டுகளைத் தொலைவில் இருக்கும் ஆய்வாளர்கள் இணையம் வழியாக அணுக விடுங்கள் என்று விளையாட்டுப் பாதுகாப்பாளர்கள் கேட்டபோது, 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. எதிர்த்தரப்பில் நின்ற விளையாட்டு நிறுவனங்களின் சங்கத்துக்கு இருந்த கவலைகளில் ஒன்று, அவற்றை மக்கள் பொழுதுபோக்குக்காக விளையாடிவிடுவார்கள் என்பது. விளையாட்டை!

விற்கிற பொருளைத் திருடுவதை நான் ஆதரிக்கவில்லை. 'மூன்' விற்பனைக்கு வந்தபோது காசு கொடுத்துத்தான் வாங்கினேன். விற்கவும் மாட்டேன், விடவும் மாட்டேன் என்று பெட்டியில் பூட்டிவைப்பவர்களிடம்தான் எனக்குச் சண்டை. அந்தப் பூட்டை இவ்வளவு காலம் திறந்துகொண்டிருப்பவர்கள் சம்பளம் வாங்காத ஆர்வலர்கள். 1997-இல் நிக்கோலா சல்மோரியா தொடங்கிய 'மேம்' எமுலேட்டரைப் பாருங்கள். கேப்காம் நிறுவனத்தின் சிபிஎஸ்-2 ஆர்கேட் (காசு போட்டு ஆடும் இயந்திர) பலகைகளில், விளையாட்டைத் திறக்கும் மறைகுறியீட்டுச் சாவி ஒரு பேட்டரியின் தயவில் இருந்தது. பேட்டரி தீர்ந்தால் விளையாட்டும் செத்துவிடும். அந்த மறைகுறியீட்டை உடைத்து அவற்றுக்கு மறுவாழ்வு கொடுத்தவர்கள் ஆர்வலர்களே. 2020 டிசம்பர் 31-இல் உலாவியில் விளையாட்டுகளை ஓட்டிய ஃப்ளாஷ் மென்பொருளின் ஆதரவு நிறுத்தப்படும் முன்பே உலாவி விளையாட்டுகளை ஆயிரக்கணக்கில் அள்ளிச் சேர்த்த 'ஃப்ளாஷ்பாயிண்ட்' திட்டமும் அப்படிப்பட்டவர்களுடையதே. இவர்களுடைய உழைப்பு முடிந்த பிறகு, அந்தச் சேகரிப்பிலிருந்து ஒரு நிமிடத்தை வெட்டியெடுத்து நகைச்சுவைக் காணொளி செய்பவர்களைப் பார்த்தால் எனக்கு வரும் எரிச்சல் இப்போது புரிந்திருக்கும்.

முயன்று பார்க்க நினைப்பவர்களுக்கு: முதலில் கையேட்டைத் தேடுங்கள். அந்தக் காலத்தில் கதையும் விதிகளும் பாதி அதில்தான் அச்சாயின. இன்டர்நெட் ஆர்க்கைவில் பலவற்றின் ஸ்கேன் பிரதிகள் இருக்கின்றன, உலாவியிலேயே ஓடும் டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய கணினி இயங்குதளம்) விளையாட்டுகளும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எமுலேட்டரில் நேரத்தைப் பின்னோக்கி இழுக்கும் வசதியை ஆரம்பத்திலேயே தொடாதீர்கள். தொட்டால் எதற்கும் மதிப்பிருக்காது. 'மூன்' நின்டெண்டோ ஸ்விட்ச்சிலும் கணினியிலும் விற்பனைக்கு இருக்கிறது, அதிலிருந்து தொடங்குவது எளிது. 'எல்எஸ்டி'யை ஓர் இரவு ஒதுக்கி ஆடுங்கள், பக்கத்தில் கைபேசி வேண்டாம். 'தகேஷி'யை மட்டும் வழிகாட்டிக் குறிப்பு இல்லாமல் தொடாதீர்கள். அந்த மனிதர் உங்கள் மீது கருணை காட்டப்போவதில்லை.