ஸ்பீக்கரை மாற்றும் முன் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள்

அண்ணாச்சி, கார் ஸ்டீரியோவில் ஆக்ஸ் வயர் (போனை ஸ்டீரியோவோடு இணைக்கும் ஆடியோ வயர்) வழியாகப் போன் பாட்டு இரைந்தால் ஸ்பீக்கர் போய்விட்டது, புதுசு மாட்டணும் என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை, காசுதான் வீணாகும். ஸ்பீக்கர் கிழிந்திருந்தால் ரேடியோவும் கரகரக்கும்.

ரேடியோ தெளிவாக இருந்து, போன் பாட்டில் மட்டும் 'ஙொய்' என்ற சத்தம் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஏறினால், அது ஆல்டர்னேட்டரிலிருந்து (எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) வருவது. சார்ஜர் வழியாக ஒன்று, ஆக்ஸ் வயர் வழியாக ஒன்று என்று போனுக்கு இரண்டு எர்த் பாதை அமைந்துவிடுகிறது. அந்தச் சுற்றில் (கிரவுண்ட் லூப்) ஓடும் சின்ன மின்னோட்டம்தான் காதில் விழுகிறது.

ரோட்டோரமாக வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஓடும்போதே சார்ஜரைப் பிடுங்குங்கள். இரைச்சல் நின்றால் ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருக்கிறது. ஆக்ஸ் வயருக்கு நடுவே 3.5 மி.மீ. கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் மாட்டினால் போதும். உள்ளே இருக்கும் குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள் பாட்டை மட்டும் கடத்தும், எர்த் தொடர்பை அறுத்துவிடும். மட்டமானதில் பேஸ் கொஞ்சம் குறையும்.

வயரை ஆட்டும்போது மட்டும் கரகரத்தால் வயரை மாற்றுங்கள். ஸ்டீரியோவிலேயே புளூடூத் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஆனால் சார்ஜர் சாக்கெட்டில் கரண்ட் எடுத்து ஆக்ஸில் சொருகும் புளூடூத் ரிசீவர் வாங்கினால் அதே இரைச்சல் திரும்ப வரலாம்.