எல்லாக் கட்டத்திலும் டிக் போட வேண்டுமா? பரவும் தகவல் தவறு

"ஆன்லைன் விண்ணப்பத்தில் இருக்கும் எல்லாச் சதுரக் கட்டத்திலும் டிக் போடுங்கள், ஒன்று விட்டாலும் தள்ளுபடி" என்று நாகர்கோவில், தக்கலை பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது சரியல்ல.

வட்டப் பொத்தான்கள் வரிசையாக இருந்தால் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். சதுரக் கட்டம் அப்படியில்லை. பொருந்துவதற்கு மட்டும் டிக், மற்றதை விட்டுவிடலாம். 'தற்போதைய முகவரியும் நிரந்தர முகவரியும் ஒன்றே' என்ற கட்டத்தையே பாருங்கள். குளச்சலில் வீடு, வேலை சென்னையில் என்றால், அங்கே டிக் போட்டதும் இரண்டு இடத்திலும் ஒரே முகவரி ஏறிவிடும். அப்புறம் கடிதம் ஊர் மாறிப் போகும். 'சலுகைச் செய்திகள் அனுப்பச் சம்மதம்' என்பதும் பெரும்பாலும் உங்கள் விருப்பம்தான்.

கட்டாயமானவற்றைப் பொதுவாகச் சிவப்பு நட்சத்திரக் குறியோ 'கட்டாயம்' என்ற சொல்லோ காட்டும். உறுதிமொழிக் கட்டம் பெரும்பாலும் இந்த வகை; அதையும் படித்துவிட்டே தொடுங்கள். எதை நிரப்ப வேண்டும் என்று படிவமே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது மாற்றுத்திறனாளிகள் உட்பட எல்லோரும் இணையதளங்களைப் பயன்படுத்துவதற்காக 2008-இல் வெளியான வலை அணுகல் வழிகாட்டியிலேயே (பிரிவு 3.3.2) உண்டு. அதை வெளியிட்ட, இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். அதைச் செய்யாத படிவங்கள்தான் இப்படிப்பட்ட வதந்திக்கு இடம் கொடுக்கின்றன என்பது வேறு விஷயம்.

சந்தேகமிருந்தால் இ-சேவை மையத்தில் கேளுங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.