அது ஏப்பம் இல்லை

போன வாரம் குடியாத்தத்தில் ஒரு டீக்கடையில் நின்றிருந்தேன். பக்கத்து ஊர் ஏரியைப் பற்றிப் பேச்சு வந்தது. "பாதி ஏரிய ஏப்பம் வுட்டுட்டானுங்க" என்றார் ஒரு பெரியவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பு நெஞ்சில் எதுக்களித்துக்கொண்டே வந்தது.

எங்கள் வீட்டில் ஏப்பம் மரியாதையான சத்தம். தாத்தா ராத்திரி கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டு, கையைக் கழுவிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து நீளமாக ஒன்று விடுவார். அதைக் கேட்ட பிறகுதான் ஆயா தனக்குத் தட்டு எடுப்பாள். சத்தம் வராத நாளில், "இன்னா, வயிறு ரொம்பலையா?" என்று உள்ளே இருந்தே குரல் கொடுப்பாள். பால் குடித்த குழந்தையைத் தோளில் சாய்த்து முதுகைத் தட்டுகிறோமே, அப்போதும் வீடே காத்திருப்பது அந்தச் சின்னச் சத்தத்துக்குத்தான். பாலோடு உள்ளே போன காற்று வெளியே வந்துவிட்டால் பிள்ளை நிம்மதியாகத் தூங்கும். (ஆம்பூரில் பிரியாணி தின்றுவிட்டு கோலி சோடா குடித்தால் வருவது வேறு கதை. சோடாவில் அடைத்த வாயுதான் திரும்பி வருகிறது. சோறு செரித்ததற்கு அது அடையாளம் இல்லை.)

ஏப்பத்திலேயே வகை பிரித்து வைத்தவர்கள் நம் ஆட்கள். செரிக்காத வயிற்றிலிருந்து வருவது புளியேப்பம். வெறும் வயிற்றிலிருந்து வருவது பசியேப்பம். பசியேப்பக்காரனும் புளியேப்பக்காரனும் கூட்டுப் பயிர் வைத்த மாதிரி என்று ஒரு பழமொழியே உண்டு. ஒருவனுக்கு விளைச்சல் உயிர்ப் பிரச்சினை, இன்னொருவனுக்கு விளைந்தாலும் சரி, விளையாவிட்டாலும் சரி. அந்தக் கூட்டு எப்படி உருப்படும்?

பழைய தமிழில் ஏப்பத்துக்குத் தேக்கு என்றும் பெயர். வயிறு நிறைந்து ஏப்பம் விடுவதைத் தேக்கெறிதல் என்றார்கள். ஏரியில் நீரைத் தேக்குகிறோம் என்பதும் இதே சொல்தான். இது தெரிந்த நாளிலிருந்து, நிறைந்த ஏரியைப் பார்த்தால் எனக்குத் திண்ணையில் உட்கார்ந்த தாத்தா ஞாபகம் வருகிறது.

அப்படிப்பட்ட சொல்லை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம் பாருங்கள். ஏரியை ஏப்பம் விட்டான், கோயில் நிலத்தை ஏப்பம் விட்டான், பாலாற்று மணலை ஏப்பம் விட்டான். சுருட்டினான், அமுக்கினான், ஆட்டையைப் போட்டான், விழுங்கினான் என்று எத்தனையோ சொல் இருக்கிறது. அவற்றில் ஒரு திருடனாவது தெரிகிறான். விழுங்கியதைக் கக்க வைக்கலாம். ஏப்பம் அப்படி இல்லை. தின்றது உள்ளே போய்விட்டது, இனி ஒன்றும் மிச்சமில்லை என்று அந்தச் சொல்லே தீர்ப்பு எழுதிவிடுகிறது. கேட்கிற நாமும் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

இதை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். அம்மா மாதாமாதம் தீபாவளிச் சீட்டு கட்டினாள். நோட்டில் கையெழுத்து, தேதி எல்லாம் இருந்தது. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது சீட்டு பிடித்தவரைக் காணவில்லை. தெருவே கூடிப் பேசியது. "ஏப்பம் வுட்டுட்டான், இனிமே இன்னா பண்றது" என்று அம்மாவும் சொன்னாள். அந்த வாக்கியத்தோடு முடிந்துபோனது. போலீஸ் ஸ்டேஷனுக்கு யாரும் போகவில்லை. நோட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது. "ஏமாத்திட்டான்" என்று சொல்லியிருந்தால் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பாள் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஏரி விஷயத்தில் அந்தச் சொல் பச்சைப் பொய். ஏரி செரித்துப் போவதில்லை. மண்ணைக் கொட்டி மனை போட்டாலும் அதன் புல எண் (சர்வே நம்பர்) பதிவேட்டில் இருக்கிறது, புலப்படம் இருக்கிறது. பொதுப்பணித் துறை ஏரிகளை அளந்து எல்லை குறித்து ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கென்றே 2007-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. தாளை விடுங்கள், தண்ணீருக்கும் தன் இடம் தெரியும். 2021 நவம்பரில் குடியாத்தம் பக்கத்து மோர்தானா அணை வழிந்து கௌண்டன்யா ஆறு பெருக்கெடுத்தபோது, பாலாறு இரண்டு கரையும் தொட்டு ஓடியபோது, தண்ணீர் யாரிடமும் பட்டா கேட்கவில்லை. எது ஆற்றின் இடம் என்று அதுவே வந்து காட்டியது.

பாலாற்றைத் தோல் கழிவு கெடுத்த வழக்கையும் நினைத்துப் பாருங்கள். வேலூர்க்காரர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். "ஆத்த ஏப்பம் வுட்டுட்டாங்க" என்று அவர்கள் நின்றுவிடவில்லை. எவ்வளவு நிலம் கெட்டது, எத்தனை கிணறு கெட்டது என்று கணக்கோடு நின்றார்கள். 1996-ல் தீர்ப்பு வந்தது. கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் சொன்ன வழக்கு அது. ஆறு இன்னும் முழுசாகத் தேறவில்லை, எனக்கும் அது தெரியும். ஆனால் நாடு முழுக்க வக்கீல்கள் இன்றைக்கும் வேலூர் வழக்கு என்று எடுத்துக் காட்டுகிறார்கள். அளந்து சொன்னதால் கிடைத்தது அது.

நேற்று மறுபடி அந்த டீக்கடைக்குப் போனேன். பெரியவர் இருந்தார். "ஏரி முன்ன எதுவரைக்கும் இருந்துச்சு தாத்தா?" என்று கேட்டேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். இரண்டு பேரும் கரைமேல் நடந்தோம். கோடிப் பக்கம் நின்று, வீடுகளுக்கு நடுவே நிற்கிற ஒற்றைப் பனைமரத்தைக் காட்டினார். "அதுக்கும் அந்தாண்ட தண்ணி நிக்கும்பா. எங்கப்பா அங்க மீன் புடிச்சிருக்காரு." இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபிசில் குறைதீர் கூட்டம். ஏரியை அளக்கச் சொல்லி மனு எழுதி வைத்திருக்கிறேன், பெரியவரும் வருகிறார். பழைய அடங்கல் (கிராம நிலக் கணக்கு) நகல், பழைய போட்டோ எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு காலை 9 மணிக்குக் கடை முன்னால் வந்துவிடுங்கள்.