டூர்னிக்கெட்டை நடுவில் தளர்த்தலாமா?

"கை காலில் ரத்தம் பீறிட்டால் டூர்னிக்கெட் (ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டை) கட்டி, 15 நிமிடத்துக்கு ஒருமுறை தளர்த்துங்கள், இல்லையென்றால் உறுப்பு அழுகிவிடும்" என்றொரு தகவல் சுற்றுகிறது. தவறு. பழைய முதலுதவிப் பாடத்தின் மிச்சம் இது. தளர்த்தும்போதெல்லாம் உறைந்த ரத்தக்கட்டி பெயர்ந்து மறுபடி ரத்தம் கொட்டும். சிறுகச் சிறுக இழந்தே உயிர் போகலாம். 2 மணி நேரத்துக்குள் அகற்றப்பட்ட கட்டுகளால் உறுப்பை இழப்பது அரிது என்பதை ஈராக், ஆப்கானிஸ்தான் போர்க்கள அனுபவம் காட்டியது.

காயத்துக்கு 5–7 செ.மீ. மேலே, மூட்டின்மேல் வராமல் கட்டி, ரத்தம் நிற்கும்வரை பட்டையை இறுக்க அதில் செருகிய குச்சியை முறுக்குங்கள். கடுமையாக வலிக்கும், அதற்காக விடக் கூடாது. அரைகுறை இறுக்கம்தான் உண்மையான ஆபத்து: சிரை (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் குழாய்) அடைபடும், தமனியில் (இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாய்) ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், ரத்தப்போக்கு கூடும். மெல்லிய கயிறும் கம்பியும் வேண்டாம், சதையை அறுக்கும். ரத்தம் நிற்காவிட்டால் மேலே இன்னொன்று. கட்டிய நேரத்தைப் பட்டையிலேயே எழுதுங்கள். அவிழ்ப்பது மருத்துவக் குழுவின் வேலை.