மாசிக்லியின் அங்காரா நாட்கள்

பிரெஞ்சு ராஜதந்திரி ரெனே மாசிக்லி பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை, அவர் லண்டனில் பிரெஞ்சுத் தூதராக இருந்த 1944–55 காலத்தை நன்றாகவே சொல்கிறது. ஆனால் அவர் பிரான்ஸின் லீல் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தவர் என்பதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்களே, அதுதான் எனக்கு வருத்தம். பழைய ஆவணங்களைப் படித்துப் பழகியவர் என்பதால்தான் ஹிட்லரின் போக்கு அவருக்குச் சீக்கிரமே பிடிபட்டது என்று நினைக்கிறேன். செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த 1938 மியூனிக் ஒப்பந்தத்தை எதிர்த்தார். அந்த ஆண்டிலேயே பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் போனே அவரை அமைச்சகப் பதவியிலிருந்து தூக்கி, துருக்கித் தலைநகர் அங்காராவுக்குத் தூதராக அனுப்பிவிட்டார். சரி, அங்கே போய் ஒதுங்கியா இருந்தார்? 1939 அக்டோபரில் துருக்கி, பிரிட்டன், பிரான்ஸ் மூன்றும் ஒப்பந்தம் போட்டதில் அவர் உழைப்பு நிறைய.

அப்புறம் 1940 ஜூனில் பிரான்ஸின் லா ஷாரித்தே ரயில் நிலையத்தில் நின்ற ரயிலில் பிரெஞ்சு ரகசியக் கோப்புகள் ஜெர்மானியர் கையில் சிக்கின. சோவியத் ஒன்றியத்தின் பாகு எண்ணெய் வயல்களைக் குண்டுவீசித் தாக்குவது பற்றி மாசிக்லி அனுப்பிய தந்தியும் அதில் இருந்தது. அதை ஊருக்கெல்லாம் அச்சடித்துக் காட்டினார்கள். ஜெர்மனியிடம் தோற்றபின் பிரான்ஸில் அமைந்த விஷி அரசு அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. 1943-ல், ஜெர்மனியை எதிர்த்துப் போராடிய சுதந்திர பிரான்ஸின் தலைவர் தெ கோலிடம் போய்ச் சேர்ந்தார். இந்த ஐந்து வருடங்களுக்கே தனிக் கட்டுரை எழுதலாம், தயவுசெய்து எழுதுங்கள்.