அந்தத் தகடுகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்

வீடு மாறிக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் அழைத்தார். "இரண்டு பெட்டி நிறைய டிவிடியும் புளூ-ரேயும் கிடக்கின்றன. இனி யார் இதையெல்லாம் போட்டுப் பார்க்கப் போகிறார்கள்? எடைக்குப் போட்டுவிடட்டுமா?" என்றார். பதறிப்போய், "வேண்டாம், இரண்டு நாள் பொறுங்கள்" என்று சொல்லிவிட்டேன். அலைபேசியில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன். இதே கேள்வியோடு அலமாரியைப் பார்த்து நிற்பவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள்.

விற்பனையை வைத்துப் பார்த்தால் உச்சம் எப்போதோ கடந்துவிட்டது. அதில் வாதாட எதுவும் இல்லை. டிவிடி 1996 நவம்பரில் ஜப்பானிலும், அடுத்த ஆண்டு அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. பத்தே ஆண்டுகளுக்குள், 2005-ஐ ஒட்டி, அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 1,600 கோடி டாலருக்கு மேல் விற்று உச்சத்தைத் தொட்டது. அதன் பிறகு இறங்குமுகம்தான். 2006-ல் வந்த புளூ-ரே, தோஷிபா முன்னிறுத்திய எச்டி டிவிடி என்ற போட்டித் தகட்டோடு இரண்டு ஆண்டுகள் மல்லுக்கட்டியது. 2008 பிப்ரவரியில் தோஷிபா பின்வாங்கியதும் களம் முழுக்கப் புளூ-ரே வசம் வந்தது. ஆனால் அதற்குள் நெட்ஃபிளிக்ஸ் இணையம் வழியாகப் படம் காட்டத் தொடங்கி ஓர் ஆண்டு ஆகிவிட்டிருந்தது. 1998 முதல் தபாலில் தகடு அனுப்பிவந்த அதே நிறுவனம், 2023 செப்டம்பர் 29 அன்று கடைசி உறைகளை அனுப்பிவிட்டு அந்தச் சேவையை மூடியது. பிளேயர் தயாரிப்பிலிருந்து ஓப்போ 2018-லும் எல்ஜி 2024-லும் விலகின. அமெரிக்காவின் பெஸ்ட் பை கடைகளில் 2024-ல் படத் தகடு விற்பனையே நின்றுபோனது.

இதையெல்லாம் அடுக்கிவிட்டு "ஆகவே தகட்டின் கதை முடிந்தது" என்று எழுதுகிறவர்களோடுதான் எனக்கு வழக்கு. எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்பது ஒரு கணக்கு. வாங்கும் பொருள் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பது வேறு கணக்கு. டிவிடி அமோகமாக விற்ற நாட்களில் ஒரு தகட்டில் அடங்கியது 4.7 ஜிகாபைட், இரட்டை அடுக்கு என்றால் 8.5. புளூ-ரேயில் அது 25, 50 என்று ஏறியது. எல்லோரும் தகட்டை மறக்கத் தொடங்கிய பிறகு, 2016-ல், 4கே அல்ட்ரா எச்டி புளூ-ரே வந்தது. அது 100 ஜிகாபைட் வரை கொள்ளும். கூட்டம் கலைந்த பிறகுதான் கச்சேரி களைகட்டியது. வீட்டில் உட்கார்ந்து சினிமா பார்க்க மனிதன் இதுவரை செய்த பொருட்களில் ஆகச் சிறந்தது இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஏன் என்பதை ஒரு காட்சியை வைத்துச் சொல்கிறேன். இருண்ட அறைக்குள் ஒரு பெண் கையில் விளக்கோடு நுழைகிறாள். வெளிச்சம் அவள் முகத்திலிருந்து சுவருக்குப் போய், மெல்ல மெல்ல மங்கி இருட்டில் கரைய வேண்டும். இந்தக் காட்சியை முதலில் ஓடிடியில் பார்த்தேன். சுவரில் வெளிச்சம் கரையவில்லை. படிக்கட்டு போலப் பட்டை பட்டையாக உடைந்து நின்றது. மூலையில் இருட்டு சதுரம் சதுரமாக நெளிந்தது. அதே படத்தின் தகட்டை அதே தொலைக்காட்சியில் போட்டேன். சுவர் சுவராக இருந்தது. இருட்டுக்குள் ஒரு நாற்காலி இருப்பது அப்போதுதான் தெரிந்தது. ஒளிப்பதிவாளர் அந்த நாற்காலியை நாம் பார்க்க வேண்டும் என்றுதானே அங்கே விட்டிருக்கிறார்!

இதில் மாயம் எதுவும் இல்லை. 4கே படத்துக்கு ஓடிடி நிறுவனங்கள் கேட்கும் இணைய வேகமே பொதுவாக விநாடிக்கு 15 முதல் 25 மெகாபிட். அல்ட்ரா எச்டி தகடு விநாடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேலும் தரக்கூடியது. எந்த வீடியோவையும் சுருக்கித்தான் அனுப்புகிறார்கள். முந்தைய சட்டத்தில் (ஃபிரேமில்) இருந்தது அடுத்த சட்டத்திலும் இருந்தால் அதைத் திரும்ப அனுப்பாமல் மிச்சம் பிடிப்பதே சுருக்கத்தின் அடிப்படை. படச்சுருளில் எடுத்த படங்களில் பொடி தூவியதுபோல் தெரியும் மணித்துகள் (கிரெயின்) இந்தக் கணக்குக்குள் அடங்காது. அது சட்டத்துக்குச் சட்டம் புதிதாக மாறும். தகட்டில் இடம் தாராளம், அதனால் துகள் துகளாகவே பிழைக்கிறது. ஓடிடியில் இடம் இறுக்கம், அதனால் முதலில் வழித்தெடுக்கப்படுவதும் அதுதான். முகங்கள் மெழுகு பூசியதுபோல் தெரிவது அதனால்தான். ஒலியிலும் இப்படித்தான்: தகட்டில் எதையும் இழக்காமல் சுருக்கிய ஒலித்தடம் கிடைக்கிறது, ஓடிடி அனுப்புவது பெரும்பாலும் இழந்து சுருக்கியது.

தரத்தைவிட என்னை அதிகம் உறுத்துவது இன்னொன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செயலியில் "வாங்கு" என்ற பொத்தானை அழுத்தி, பணம் கட்டி ஒரு படம் வாங்கினேன். வாடகைக்கு அல்ல, வாங்கினேன். ஒருநாள் இரவு பார்க்கலாம் என்று திறந்தால், "இந்தப் படம் தற்போது கிடைக்கவில்லை" என்று ஒற்றை வரி. எழுதிக் கேட்டதற்கு, உரிமம் காலாவதியாகிவிட்டது என்று பதில் வந்தது. என் அலமாரியில் இருக்கும் எந்தத் தகடும் இதுவரை என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. 2023 டிசம்பரில், தன் பிளேஸ்டேஷன் விளையாட்டுக் கருவியில் மக்கள் பணம் கொடுத்து வாங்கியிருந்த டிஸ்கவரி நிகழ்ச்சிகள் நீக்கப்படும் என்று சோனி அறிவித்தது. பெரும் எதிர்ப்பு எழுந்தது. பின்னர் உரிம ஏற்பாடு புதுப்பிக்கப்பட்டதாகச் சொல்லி அந்த முடிவைக் கைவிட்டது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது: கொடுப்பது வெறும் உரிமம்தான் என்றால், அதைத் தெளிவாகச் சொல்லாமல் "வாங்கு" என்று போட்டு விற்கக் கூடாது. சட்டம் போட்டுத் தடுக்கும் அளவுக்கு அந்தச் சொல் பொய்த்துவிட்டது என்பதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

தகட்டிலும் குறை உண்டு. மண்டலக் குறியீடு என்ற பெயரில், ஒரு நாட்டில் வாங்கிய டிவிடியை இன்னொரு நாட்டு பிளேயரில் ஓடாமல் செய்த அநியாயத்தை நான் மன்னிக்கவே மாட்டேன். அல்ட்ரா எச்டி தகடுகளில் அந்தப் பூட்டு இல்லை என்பது பெரிய நிம்மதி. தகடு சாகாவரம் பெற்றதும் அல்ல. வார்னர் நிறுவனம் 2006 முதல் 2008 வரை அச்சிட்ட டிவிடிகளில் சில, கீறல் எதுவும் இல்லாமலே உள்ளுக்குள் கெட்டுப் படிக்க முடியாமல் போயிருக்கின்றன. அந்தக் காலத்துத் தகடுகள் வைத்திருப்பவர்கள் ஒருமுறை முழுதாக ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது. டிவிடியின் படத்தில் உள்ள வரிகள் 480 அல்லது 576. 2,160 வரிகள் கொண்ட இன்றைய பெரிய திரையில் அது குழைந்துதான் தெரியும். எனவே பெட்டியில் இருக்கும் எல்லாமே பொக்கிஷம் என்று சொல்லமாட்டேன்.

ஆனால் பொக்கிஷமும் உள்ளே இருக்கிறது. இயக்குநர் படம் முழுக்கக் கூடவே உட்கார்ந்து பேசும் விளக்கத் தடங்கள், வெட்டப்பட்ட காட்சிகள், ஒத்திகைகள் போன்றவை பல படங்களுக்கு அந்தப் பழைய டிவிடியில் மட்டுமே இருக்கின்றன. ஓடிடிக்குப் போகும்போது படம் மட்டும் போகிறது, இவை தங்கிவிடுகின்றன. சினிமாவை எப்படி எடுக்கிறார்கள் என்பதை ஒரு தலைமுறை கற்றுக்கொண்டதில் அந்தத் தடங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. நானும் அங்கே கற்றவன்.

செய்திகளைப் படிப்பதிலும் கொஞ்சம் நிதானம் தேவை. 2025 பிப்ரவரியில் சோனி புளூ-ரே உற்பத்தியை நிறுத்துகிறது என்று செய்தி வந்ததும், எல்லாம் முடிந்தது என்று பலரும் எழுதினார்கள். நிறுத்தப்பட்டது நாம் வீட்டில் பதிவு செய்யும் வெற்றுத் தகடுகள். படம் அச்சிட்டு விற்கும் தகடுகள் அல்ல.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது பிளேயர்தான். விஎச்எஸ் வீடியோ நாடா 1976-ல் வந்தது. அதை ஓட்டும் விசிஆரைக் கடைசிவரை செய்துகொண்டிருந்த ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்தியது. நாடா வீட்டில் பத்திரமாக இருந்தும், ஓட்ட இயந்திரம் இல்லாமல் எத்தனையோ குடும்பங்களின் திருமண வீடியோக்கள் ஊமையாகிப்போயின. தகட்டுக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை, பிளேயர்கள் விற்கின்றன. தகட்டைத் தேய்ப்பது எதுவும் இல்லை. லேசர் ஒளி மட்டும்தான் படுகிறது. ஆனால் பிளேயரின் லேசரும் சுழற்றும் மோட்டாரும் ஒருநாள் ஓய்ந்துவிடும். அதனால் நல்ல பிளேயர் வைத்திருப்பவர்கள் அதைப் பூப்போலப் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் இன்னொன்றும் வாங்கி வையுங்கள்.

நண்பர் நேற்று இரவு இரண்டு பெட்டிகளையும் பிரித்துப் படம் எடுத்து அனுப்பினார். உட்கார்ந்து பார்த்துப் பிரித்தோம். இன்றும் எளிதாகக் கிடைக்கிற, கூடுதல் தடங்கள் எதுவும் இல்லாத சாதாரண டிவிடிகள் முப்பது சொச்சம். அவற்றை வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிடச் சொன்னேன். மீதி எல்லாம் புது வீட்டுக்குப் போகிறது. தகடுகளைப் படுக்கவைக்காமல் உறையோடு நிறுத்தி அடுக்கச் சொன்னேன். பிளேயரைத் துணி சுற்றித் தனிப் பெட்டியில் வைக்கச் சொன்னேன். ரிமோட்டையும் மறக்காமல் அதோடு சேர்த்துக் கட்டச் சொன்னேன். அந்த மாடலில் முன்பக்கம் இருப்பது இரண்டே பொத்தான்கள். ரிமோட் தொலைந்தால், இயக்குநர் பேசும் அந்த இரண்டாவது ஒலித்தடத்துக்கு மாற வழியே இல்லை.